சென்சாரை மாற்றியும் லைட் அணையவில்லையா? வாசகர் கேள்வி பதில்

பழைய காரில் ஆக்சிஜன் சென்சார் கோடு, அதாவது ஸ்கேனரில் தெரியும் பழுது எண், திரும்பத் திரும்ப வருகிறது என்று எழுதியவர்களின் கடிதங்கள் ஒரு கட்டாகவே சேர்ந்துவிட்டன. பெரும்பாலும் ஒரே கதைதான். லைட் எரிந்தது, சென்சார் மாற்றினார்கள், லைட் மறுபடி எரிந்தது. அதனால் இந்த முறை முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: என்னுடையது 1999 மாடல் பெட்ரோல் கார். செக் எஞ்சின் லைட் எரிந்து, ஸ்கேனரில் பி0131 வந்தது. முன் ஆக்சிஜன் சென்சாரை மாற்றினோம். கொஞ்ச நாள் சும்மா இருந்துவிட்டு மறுபடி அதே கோடு, கூடவே பி0171. வேறு கம்பெனி சென்சார் போட்டோம், அதுவும் அப்படியே. பகலில் வருவதில்லை, இரவில் ஓட்டினால்தான் லைட் வருகிறது. மைலேஜும் குறைந்துவிட்டது. எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசியூ போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றிவிடலாமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்

பதில்: ஐயா, ஈசியூவை இப்போதைக்குத் தொட வேண்டாம். நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில்தான் விஷயம் இருக்கிறது: பகலில் வருவதில்லை, இரவில் வருகிறது. சென்சாருக்கு இரவும் பகலும் ஒன்றுதான். இரவில் காரில் கூடுவது ஹெட்லைட், அதாவது கரண்ட் சுமை.

முதலில் அந்த இரண்டு கோடுகளும் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம். உங்கள் காரில் இருப்பது ஜிர்கோனியா வகை சென்சார். புகையில் இருக்கும் ஆக்சிஜனுக்கும் வெளிக்காற்றில் இருக்கும் ஆக்சிஜனுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து அது தானாகவே ஒரு சின்ன வோல்டேஜை உண்டாக்கும். பெட்ரோல் கூடுதலாகி, புகையில் ஆக்சிஜன் மிச்சமில்லை என்றால் 0.8, 0.9 வோல்ட். பெட்ரோல் குறைந்து ஆக்சிஜன் மிச்சப்பட்டால் 0.1, 0.2 வோல்ட். ஒரு கிராம் பெட்ரோலுக்கு 14.7 கிராம் காற்று என்பது சரியான கலவை. அந்த இடத்தைத் தாண்டும்போது 0.45 வோல்ட்டைச் சுற்றிச் சட்டென்று மேலும் கீழும் புரளும். ஈசியூ இதைப் பார்த்துத்தான் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது.

பி0131 என்றால், முன் சென்சாரிலிருந்து வரும் வோல்டேஜ் தாழ்ந்தே கிடக்கிறது என்று பொருள். பி0171 என்றால், கலவை லீனாக, அதாவது பெட்ரோல் குறைந்து காற்று கூடியதாகத் தெரிகிறது, பெட்ரோலைக் கூட்டிக் கூட்டி ஈசியூ தன் எல்லைக்கே வந்துவிட்டது என்று பொருள். இரண்டிலும் சென்சார் கெட்டுவிட்டது என்ற பேச்சே இல்லை. ஈசியூவின் கண்ணுக்கு வோல்டேஜ் குறைவாகப் படுகிறது, அவ்வளவுதான். கலவை நிஜமாகவே லீனாக இருக்கலாம். சென்சாருக்கு முன்னால் சைலன்சர் பைப்பில் எங்கோ வெளிக்காற்று நுழையலாம். இல்லையென்றால் சென்சார் சரியாகச் சொல்லியும், சொன்னது வழியில் குறைந்து போகலாம்.

இரவு என்ற குறிப்பைப் பார்த்ததும் மூன்றாவதைத்தான் சந்தேகப்பட்டேன். அதனால் இரண்டு விவரம் கேட்டு எழுதினேன்: சென்சாரில் எத்தனை வயர், எஞ்சின் பிளாக்குக்கும் காரின் பாடிக்கும் நடுவே எத்தனை வோல்ட். ஐயா பொறுமையாக அளந்து பதில் அனுப்பினார். மூன்று வயர். எஞ்சின் ஓடும்போது எந்தச் சுமையும் இல்லாமல் 0.04 வோல்ட், ஹெட்லைட்டும் புளோயரும் போட்டதும் 0.35 வோல்ட்.

அந்த 0.35-தான் உங்கள் திருடன். மூன்று வயர் சென்சாரில் இரண்டு வயர் ஹீட்டருக்குப் போய்விடும், மீதி ஒன்று சிக்னல். சிக்னலுக்குத் தனியாக எர்த் வயர் கிடையாது. சென்சாரின் உடம்பே எர்த். மரை வழியாகப் புகை வெளியேறும் மேனிஃபோல்டு, அங்கிருந்து எஞ்சின் பிளாக், பிளாக்கையும் பாடியையும் இணைக்கும் தடித்த வயரான எர்த் ஸ்ட்ராப் வழியாகப் பாடி. ஆல்டர்னேட்டர் இருப்பது எஞ்சின் மேல். ஹெட்லைட்டுக்குப் போன கரண்ட் பாடிக்கு வந்து, அதே ஸ்ட்ராப் வழியாகத்தான் எஞ்சினுக்குத் திரும்ப வேண்டும். ஸ்ட்ராப்பின் முனை பூத்துப்போயிருந்தால் கரண்ட் அங்கே திணறும். எஞ்சின் பிளாக் பாடியைவிட 0.35 வோல்ட் கீழே இறங்கிவிடும். ஈசியூவின் எர்த் பாடிப் பக்கம் இருக்கும் காரில், சென்சார் 0.8 என்று சொன்னால் ஈசியூ காதில் 0.45 என்று விழும். சரியாக இருக்கிற கலவையை லீன் என்று நம்பி ஈசியூ பெட்ரோலை ஊற்றும். உங்கள் மைலேஜ் போன வழி அதுதான். தராசுத் தட்டின் அடியில் ஏதோ ஒட்டியிருக்கும்போது படிக்கல்லை மாற்றி என்ன பயன்?

ஹெட்லைட்டுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. 12 வோல்ட்டில் 0.35 போனால் வெளிச்சம் கொஞ்சம் மங்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள். ஸ்டார்ட்டரும் பெரும்பாலும் சுற்றிவிடும். மொத்தமே ஒரு வோல்ட்டுக்குள் பேசுகிற சென்சாருக்குத்தான் அது மலை.

செய்ய வேண்டியது இது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு எர்த் ஸ்ட்ராப்பின் இரண்டு முனையையும் அவிழுங்கள். போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்ட், துரு, எண்ணெய் எதுவும் இல்லாமல் வெறும் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேயுங்கள். ஸ்ட்ராப்பைக் கையில் பிடித்து வளைத்துப் பாருங்கள். உறைக்குள்ளே செம்பு பச்சையாகப் பொடிந்திருந்தால் வெளியிலிருந்து தெரியாது, ஆனால் வளைக்கும்போது மொறமொறவென்று இருக்கும். அப்படியிருந்தால் புதுசு போட்டுவிடுங்கள். மறுபடி எல்லா சுமையும் போட்டு அளந்தால் 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதன்பிறகு கோடை அழித்துவிட்டு ஓட்டுங்கள். போட்ட சென்சார் அப்படியே இருக்கட்டும், அதில் குற்றமில்லை.

இதற்குப் பிறகும் பகலிலும் கோடு வந்தால் சைலன்சர் பக்கம் போங்கள். காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து மேனிஃபோல்டு பக்கம் காது கொடுங்கள். டிக் டிக் என்று ஒரு சத்தம் வந்து, சூடானதும் நின்றுவிடுகிறது என்றால் கேஸ்கெட்டிலோ மேனிஃபோல்டிலோ விரிசல் இருக்கிறது; சூட்டில் இரும்பு விரிந்து அடைத்துக்கொள்கிறது. பக்கத்தில் கரிக்கோடும் படிந்திருக்கும். புகை வெளியே போகிற ஓட்டையில் காற்று எப்படி உள்ளே வரும் என்று பலர் கேட்பார்கள். புகை ஒரே சீராகப் போவதில்லை, அலை அலையாகப் போகிறது. ஒவ்வொரு அலைக்கும் நடுவே பைப்பில் ஒரு நொடிப்பொழுது இழுவை உண்டாகும், அப்போது வெளிக்காற்றை உறிஞ்சிவிடும். அந்த ஆக்சிஜனையும் சென்சார் எண்ணிவிடும். பாவம், அதற்கு எண்ணத்தான் தெரியும், எங்கிருந்து வந்தது என்று தெரியாது.

கேள்வி: பட்டறையில் வேலை பழகுகிறேன் அண்ணா. சென்சார் நல்லதா கெட்டதா என்று கழற்றாமலே கண்டுபிடிக்க முடியுமா? மாற்றிப் பார்த்தால் தெரியும் என்கிறார்கள்.
— ஓர் இளைஞர்

பதில்: முடியும் தம்பி. மாற்றிப் பார்ப்பது சோதனையே இல்லை. அது வாடிக்கையாளர் காசில் போடும் சீட்டு. நீ இந்த ஒரு சோதனையைக் கையில் பழகிக்கொண்டால் போதும், பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

எஞ்சினை நன்றாகச் சூடாக்கு. 2,500 ஆர்பிஎம்மில் இரண்டு நிமிடம் பிடி, சென்சாரும் சூடாக வேண்டும். ஸ்கேனரில் முன் சென்சாரின் வோல்டேஜை மட்டும் திற. இங்கே ஒன்று சொல்ல வேண்டும்: பழைய கார்களில் ஸ்கேனருக்குத் தகவல் மெதுவாகத்தான் வரும். ஒரே சமயத்தில் பத்து வரிகளைத் திறந்து வைத்தால் ஒவ்வொன்றும் எப்போதோ ஒரு முறைதான் புதுப்பிக்கும், நல்ல சென்சார்கூடச் சோம்பேறியாகத் தெரியும். ஒரே ஒரு வரி மட்டும் திற.

இப்போது 0.2-க்கும் 0.8-க்கும் நடுவே வோல்டேஜ் நிற்காமல் ஏறி இறங்க வேண்டும். இறங்காமல் ஓரிடத்தில் நின்றால் உடனே சென்சார் மேல் பழி போடாதே. எஞ்சினை நீயே கொஞ்சம் தொந்தரவு செய். ஏதாவது ஒரு வேக்யூம் ஹோஸைக் கழற்று. காற்று கூடும், கலவை லீனாகும், வோல்டேஜ் 0.2-க்குக் கீழே விழ வேண்டும். ஹோஸை மாட்டிவிட்டு, இப்போது ஏர் ஃபில்டருக்குப் பின்னால் புரொப்பேன் கேஸைக் கொஞ்சம் விடு. கலவை ரிச் ஆகும், அதாவது பெட்ரோல் பக்கம் கூடும், வோல்டேஜ் 0.8-க்கு மேல் துள்ள வேண்டும். கேஸை விடும்போது மேனிஃபோல்டு, பிளக் வயர் பக்கம் போகாதே, தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும், பக்கத்தில் யாரும் சிகரெட் பிடிக்கக் கூடாது. இதில் விளையாட்டு வேண்டாம்.

இரண்டு பக்கமும் உடனே பதில் சொல்கிறதா? அப்படியென்றால் சென்சார் நல்லது. அது லீன் என்று சொன்னால் நம்பு, அப்புறம் ஏன் லீன் என்று தேடு. கேஸ் விட்டும் 0.6-ஐத் தாண்டவில்லை, அல்லது மெல்ல மெல்ல ஊர்ந்து ஏறுகிறது என்றால் சென்சார் கிழடாகிவிட்டது. பி0133 என்ற கோடு வருவது இப்படிப்பட்ட மந்தத்துக்குத்தான். நல்ல சென்சார் கீழிருந்து மேலே தாவ 100 மில்லி நொடிகூட எடுக்காது. அவ்வளவு வேகத்தைச் சரியாகப் பார்க்க ஆசிலோஸ்கோப் வேண்டும். வாய்ப்புக் கிடைத்தால் பழகிக்கொள்.

மீட்டரில் நேரடியாகப் பார்ப்பதானால் டிஜிட்டல் மீட்டர்தான். பழைய முள் மீட்டரும் டெஸ்ட் லாம்ப்பும் சிக்னல் வயரில் படவே கூடாது. அந்தச் சின்னக் கரண்ட்டை அவையே குடித்துவிடும்.

இன்னொன்று. எந்தச் சிலிண்டராவது மிஸ்ஸிங் ஆகிறதா என்று முதலிலேயே பார்த்துவிடு. எரியாத சிலிண்டரிலிருந்து பெட்ரோலும் வரும், எரியாத ஆக்சிஜனும் வரும். சென்சார் ஆக்சிஜனை மட்டும் பார்த்து லீன் என்று சொல்லும், ஈசியூ இன்னும் பெட்ரோலை ஊற்றும். பிளக்கையோ காயிலையோ மாற்ற வேண்டிய இடத்தில் சென்சார் மாற்றிக்கொண்டிருப்பவர்கள் நிறைய.

கேள்வி: பி0135 வருகிறது. புது சென்சார் போட்ட மறுநாளே மறுபடி வந்தது. ஃபியூஸ் பார்த்தேன், நன்றாக இருக்கிறது. கனெக்டரில் மீட்டர் வைத்தால் 12 வோல்ட்டும் வருகிறது. பிறகு ஏன்?
— கல்லூரி விரிவுரையாளர் ஒருவர்

பதில்: அம்மா, நீங்கள் இவ்வளவு தூரம் அளந்து பார்த்ததே பெரிய விஷயம். ஆனால் அந்த 12 வோல்ட்டை நம்பாதீர்கள்.

பி0135 என்பது முன் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட். சிக்னலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சென்சார் 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானால்தான் பேசும். 1976-ல் பாஷ் நிறுவனம் இந்தச் சென்சாரைத் தயாரிக்கத் தொடங்கியபோது அதில் ஹீட்டர் இல்லை, புகையின் சூட்டை நம்பித்தான் இருந்தது. 1982-ல்தான் ஹீட்டர் வந்தது. அது ஒரு சின்னக் கம்பிச்சுருள் போலத்தான். மீட்டரை ஓமில் வைத்துச் சென்சார் பக்கத்தின் இரண்டு ஹீட்டர் முனைகளை அளந்தால், ஆறிய நிலையில் பல சென்சார்களில் 3 முதல் 15 ஓமுக்குள் வரும். இரண்டும் ஒரே நிற வயராக இருக்கும்: பாஷில் பெரும்பாலும் வெள்ளை, டென்சோவில் கறுப்பு. உங்கள் புது சென்சாரை முதலில் இப்படி அளந்துவிடுங்கள். எல்லையற்ற ஓம் காட்டினால் புதிதாக இருந்தாலும் அது செத்ததுதான்.

ஓம் சரியாக இருந்தால் கார் பக்கத்து வயரைப் பாருங்கள். மீட்டர் கரண்ட்டே எடுப்பதில்லை. பத்து இழையில் ஒன்பது அறுந்து ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது 12 வோல்ட் என்றுதான் காட்டும். ஹீட்டர் கரண்ட் இழுக்கும்போதுதான் அந்த ஒற்றை இழையின் வண்டவாளம் தெரியும். என் பெட்டியில் இரண்டு வயர் வைத்த ஒரு 10 வாட் பல்ப் எப்போதும் கிடக்கும். கனெக்டரைக் கழற்றி, கார் பக்கத்தின் ஹீட்டர் முனைகள் இரண்டிலும் அதைக் கொடுத்து எஞ்சினை ஓட விடுங்கள். பளிச்சென்று எரிந்தால் வயர் சரி. மினுக் மினுக் என்று சீராக அடித்தால் பயப்பட வேண்டாம், சில ஈசியூக்கள் ஹீட்டரை விட்டு விட்டுத்தான் கொடுக்கும். மங்கலாக எரிந்தால் அல்லது வயரை அசைக்கும்போது மாறினால் நோய் அங்கேதான். எரியவே இல்லையென்றால், பல்ப்பின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவில் வைத்து, மறுமுனையைச் சப்ளை வயரில் கொடுத்துப் பாருங்கள். எரிந்தால் சப்ளை நல்லது, ஈசியூவுக்குப் போகும் வயரைத் தேட வேண்டும்.

தேடும்போது கனெக்டரின் பின்பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள். வயர் சைலன்சர் பைப்பைத் தொட்டு உருகிய இடம், தண்ணீர் புகுந்து முனையில் பச்சைப் பொடி பூத்த இடம், பெண் முனை அகன்றுபோய் ஆண் முனையைப் பிடிக்காத இடம், இந்த மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். ஒரு தடவை பார்த்துவிட்டால் அந்தப் பச்சைப் பொடியை மறக்க மாட்டீர்கள்.

கேள்வி: பி0141 வந்தது. முன் சென்சார் மாற்றினோம். போகவில்லை.

பதில்: போகாது. பி0141 பின் சென்சாரின் ஹீட்டர். புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குப் பின்னால் இருப்பதைப் பாருங்கள். 0130 முதல் 0135 வரை முன்னால் உள்ளதற்கு, 0136 முதல் 0141 வரை பின்னால் உள்ளதற்கு. வி வடிவ எஞ்சினில் இரண்டு வரிசை இருக்கும். ஒன்றாம் நம்பர் சிலிண்டர் இருக்கும் பக்கம்தான் முதல் வரிசை. மற்ற வரிசைக்கு 0150-லிருந்து தொடங்கும்.

கேள்வி: பி0171-க்காக ஸ்கேனர் வாங்கி நானே பார்க்கிறேன். லாங் டேர்ம் ஃபியூயல் டிரிம் +19 என்று காட்டுகிறது. சென்சார் மாற்றியும் அதே எண். இதை எப்படிப் புரிந்துகொள்வது?
— கணக்காளர் ஒருவர்

பதில்: கணக்காளர் என்கிறீர்கள், அப்படியானால் இது உங்களுக்குப் பிடிக்கும். வழக்கமான அளவைவிட 19 சதவீதம் கூடுதலாகப் பெட்ரோல் விட்டால்தான் கலவை சரியாகிறது என்று ஈசியூ கணக்கு எழுதி வைத்திருக்கிறது. பத்துக்குள் இருந்தால் நான் கவலைப்பட மாட்டேன். சென்சாரை மாற்றியும் எண் மாறவில்லை என்பதே, பழைய சென்சார் உண்மைதான் சொல்லியிருக்கிறது என்பதற்குச் சாட்சி.

அந்த எண்ணை ஒரே இடத்தில் பார்க்காதீர்கள். ஸ்லோ ஸ்பீடில் ஒரு முறை, 2,500 ஆர்பிஎம்மில் ஒரு முறை, கூட யாராவது உட்கார்ந்து ஸ்கேனரைப் பார்க்க, மேட்டில் ஏறும்போது ஒரு முறை. ஸ்லோவில் +19, வேகத்தில் +4 என்று இறங்கினால் இன்டேக்கில் எங்கோ காற்றுக் கசிவு. ஓட்டை அதே அளவுதான், ஆனால் ஸ்லோவில் எஞ்சின் குடிக்கும் காற்றே கொஞ்சம் என்பதால் அந்தத் திருட்டுக் காற்றின் பங்கு பெரிதாகத் தெரியும். பழைய காரில் ரப்பர் ஹோஸ்கள் வளையும் இடத்தின் அடிப்பக்கம் வெடித்திருக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது, விரலை அடியில் விட்டுத் தடவ வேண்டும். பிசிவி ஹோஸ் (எஞ்சின் அடியில் சேரும் ஆவியை இன்டேக்குக்குத் திருப்புவது), பிரேக் பூஸ்டர் ஹோஸ், இன்ஜெக்டர் ஓ-ரிங், இன்டேக் கேஸ்கெட் எல்லாம் சந்தேகப் பட்டியல்தான். புகை விட்டுப் பார்க்கும் கருவி இருந்தால் சட்டென்று முடியும்.

எதிர்மாறாக, ஸ்லோவில் சரியாக இருந்து மேடேறும்போது கூடினால் பெட்ரோல் போதவில்லை. ஃபில்டர் அடைப்பு, பம்ப் பலவீனம், அல்லது காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரில் அழுக்கு. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கூடினால் பெட்ரோல் பிரஷரை அளந்து பார்க்காமல் எதையும் மாற்றாதீர்கள்.

கேள்வி: எனக்கு நேர்மாறு. பி0172, கறுப்புப் புகை, பெட்ரோல் வாடை. சென்சார் புதிது.

பதில்: பி0172 என்றால் கலவை ரிச்சாகத் தெரிகிறது என்று பொருள். ஃபியூயல் பிரஷர் ரெகுலேட்டரில் வேக்யூம் ஹோஸ் இருக்கும் மாடலா? எஞ்சின் ஓடும்போது அந்த ஹோஸைக் கழற்றி முகர்ந்து பாருங்கள். உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் டயஃப்ரம் கிழிந்துவிட்டது. பெட்ரோல் நேராக இன்டேக்குக்குள் போகிறது. இல்லையென்றால் ஸ்கேனரில் கூலன்ட் சூட்டைப் பாருங்கள். அரை மணி ஓட்டியும் 60 டிகிரியைத் தாண்டவில்லை என்றால் தெர்மோஸ்டாட் திறந்தே கிடக்கிறது, எஞ்சின் இன்னும் ஆறியிருப்பதாக நினைத்து ஈசியூ பெட்ரோலைக் கூட்டுகிறது. இதோடு டிப்ஸ்டிக்கில் ஆயிலையும் முகர்ந்து பாருங்கள். ரிச்சாக ஓடிய எஞ்சினில் பெட்ரோல் ஆயிலில் கலந்துவிடும். அந்த ஆவி பிசிவி வழியாகத் திரும்ப வந்து ரிச்சாகவே காட்டும். காரணத்தைச் சரி செய்ததும் ஆயிலையும் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: என் காரில் சென்சார் நிஜமாகவே செத்துப் போகிறது. புதிது போட்டால் சில மாதம்தான். கழற்றினால் நுனி வெள்ளையாக இருக்கிறது. பெட்ரோலில் ஊறவைத்துக் கழுவலாமா?
— டாக்சி ஓட்டுநர் ஒருவர்

பதில்: கழுவாதீர்கள், கம்பி பிரஷும் வேண்டாம். மேலே படிந்த கரி போகும், உள்ளே நுண்துளைகளில் ஏறிய விஷம் போகாது.

வெள்ளை நுனி எனக்குக் கவலை தருகிறது. ஒன்று, சமீபத்தில் எஞ்சினில் எங்காவது சாதாரண சிலிக்கோன் சீலன்ட் தடவியிருக்கிறார்களா? அதன் ஆவி எஞ்சினுக்குள் போய் எரிந்து சென்சார் நுனியில் மணல் போலப் படியும். சென்சாருக்குப் பாதுகாப்பானது என்று டியூபிலேயே எழுதிய சீலன்ட் தனியாகக் கிடைக்கிறது, அதைத்தான் போட வேண்டும். இரண்டு, ரேடியேட்டர் தண்ணீர் குறைகிறதா? ஹெட் கேஸ்கெட் வழியாகக் கூலன்ட் சிலிண்டருக்குள் கசிந்தால் அதிலுள்ள சிலிகேட்டும் இதே வேலையைச் செய்யும். நீங்கள் வண்டியை நம்பிப் பிழைப்பவர். அடுத்த சென்சார் வாங்கும் முன் கூலன்ட் சிஸ்டத்துக்குப் பிரஷர் டெஸ்ட் செய்துவிடுங்கள், தம்பி. இதைத் தள்ளிப்போட்டால் எஞ்சினே கைவிட்டுவிடும்.

மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: மங்கலான கறுப்புப் புழுதிக் கரி என்றால் ரிச் கலவை, பளபளப்பான பழுப்புப் படிவம் என்றால் ஆயில் எரிகிறது. கழற்றிய சென்சாரை எறியும் முன் நுனியை வெளிச்சத்தில் பாருங்கள்.

கேள்வி: கனெக்டர் இல்லாத யூனிவர்சல் சென்சார் வாங்கினேன். பழைய வயரோடு சால்டர் வைத்து ஒட்டிவிடலாமா? என் காரிலும் நான்கு வயர், இதிலும் நான்கு வயர்.

பதில்: சால்டர் வேண்டாம். சென்சார் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு வெளிக்காற்று வேண்டும் என்று மேலே சொன்னேன். பல சென்சார்களில் அந்தக் காற்று வயர் இழைகளின் இடுக்கு வழியாகத்தான் உள்ளே போகிறது. சால்டர் உருகி அந்த வழியை அடைத்துவிடும். கனெக்டரில் கிரீஸ் அப்புவதும் இதே தவறு. சென்சாரோடு வரும் கிரிம்ப் இணைப்பானைப் போடுங்கள், நான்கு இணைப்பும் ஒரே இடத்தில் குவியாமல் முன்பின்னாக வையுங்கள்.

அதைவிட முக்கியம், நான்கு வயர் என்பதை வைத்து மட்டும் முடிவு செய்யக் கூடாது. சில கார்களில் முன் சென்சார் நான்கு வயரோடு இருந்தும் வைட்பேண்ட் வகை, அதாவது கலவை எவ்வளவு விலகியது என்பதையே அளப்பது. 0-க்கும் 1 வோல்ட்டுக்கும் நடுவே புரளும் சாதாரண சென்சாரை அங்கே போட்டால் ஒருநாளும் சரிவராது. சில பழைய கார்களில் டைட்டானியா வகை இருக்கிறது, அது வோல்டேஜே உண்டாக்காது, அதன் மின்தடைதான் மாறும். உங்கள் காரின் பார்ட் நம்பரை வைத்துச் சரிபாருங்கள். முடிந்தால் கனெக்டரோடு வரும் சரியான சென்சாரையே வாங்குங்கள். மாட்டும்போது மரையில் மட்டும் ஆன்டி-சீஸ், நுனியில் படக்கூடாது. புதியதில் பெரும்பாலும் தடவியே வரும். வழக்கமான 18 மி.மீ. மரைக்கு 40 நியூட்டன் மீட்டர் அளவு முறுக்கு போதும். கீழே விழுந்த சென்சாரை மாட்டாதீர்கள், உள்ளே பீங்கான் விரிசல் விட்டிருக்கலாம்.

கேள்வி: பி0420-க்குப் பின் சென்சார் மாற்றியும் பயனில்லை. பின் சென்சாருக்கு ஒரு நீட்டிப்புக் குழாய் வைத்துத் தள்ளி மாட்டினால் லைட் போய்விடும் என்கிறார்கள்.

பதில்: பி0420 என்றால் கன்வர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று பொருள். லைட் போகலாம், புகை போகாது. பின் சென்சார் கன்வர்ட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் இருக்கிறது. அதை ஏமாற்றிவிட்டு நச்சுப் புகையை விடுவதற்கு நான் வழி சொல்ல மாட்டேன். முதலில் புகைக் கசிவும் மிஸ்ஸிங்கும் இல்லை என்று உறுதி செய்யுங்கள். எஞ்சின் சூடாகிச் சீராக ஓடும்போது முன் சென்சார் புரள, பின் சென்சார் ஏறத்தாழ ஒரே இடத்தில் நிற்க வேண்டும். இரண்டும் சேர்ந்து ஒரே தாளத்தில் புரண்டால் கன்வர்ட்டர் போய்விட்டது. ஏன் போனது என்று கண்டுபிடித்துவிட்டு மாற்றுங்கள். மிஸ்ஸிங்கோ ஆயிலோ அதைக் கொன்றிருந்தால் புதியதையும் கொல்லும்.

கேள்வி: பேட்டரியைக் கழற்றி மாட்டினால் லைட் அணைந்துவிடுகிறது. சில நாளில் மறுபடி வருகிறது. ஒவ்வொரு முறையும் இப்படியே செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். கோடு வந்த நொடியில் எஞ்சின் எந்த வேகத்தில், எந்தச் சூட்டில், எவ்வளவு சுமையில் இருந்தது என்பதை ஈசியூ குறித்து வைத்திருக்கும். ஸ்கேனரில் ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று இருக்கும். பேட்டரியைக் கழற்றினால் அது போய்விடும். கூடவே ஃபியூயல் டிரிம் கணக்கும், ஈசியூ தானாகச் செய்து முடித்த சோதனைகளும் அழியும். எல்லாவற்றையும் அது முதலிலிருந்து தொடங்க வேண்டும். லைட் சில நாள் வராமல் இருப்பது அதனால்தான், பழுது சரியானதால் அல்ல. அடுத்த முறை லைட் வந்ததும் ஸ்கேனரை மாட்டி, கோடு எண்ணையும் அந்த ஃப்ரீஸ் ஃப்ரேம் பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் மழையா, ஏசி ஓடியதா, மேடேறினீர்களா என்றும் பக்கத்தில் ஒரு வரி குறித்து வைத்து, எனக்கு அனுப்புங்கள். அப்புறம் அழித்துக்கொள்ளலாம்.